நாற்பத்தொன்றாவது ஆள்

வள்ளியின் குணத்துக்கு நூற்றுக்குப் பதினொன்று என்று கடிதம் வந்தபோது அதைப் படித்துச் சொன்னவன் நான்தான்.

"பாஸ் மார்க் எவ்வளவு சார்?" என்று கேட்டாள்.

"அறுபது."

"பத்தாவதுல கணக்குலகூட நான் இருபத்தெட்டு எடுத்தேனே" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். ஆனால் கையில் இருந்த பேப்பர் கட்டைக் கீழே வைத்துவிட்டு ஜெராக்ஸ் மெஷின்மேல் சாய்ந்துகொண்டாள்.

விசா மறுக்கப்பட்டவர்களுக்கு மறுபரிசீலனை மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். அதற்குமுன் முப்பது வருஷம் பத்திரம் எழுதினேன். பத்திரத்தை இயந்திரம் எழுத ஆரம்பித்ததும் நான் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். செல்லூரில் ரயில்வே கேட் பக்கத்துச் சந்தில் என் வீடு. அதே சந்தின் முனையில் சுந்தரவள்ளியின் ஜெராக்ஸ் கடை. அவள் போக விரும்பிய நாடு தெற்கே கடல் தாண்டி இருக்கிறது. பெயர் வேண்டாம், எனக்கு அங்கே இன்னும் நாலைந்து மனு நிலுவையில் இருக்கிறது.

அங்கே அவள் தங்கை செண்பகம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். ஈரலில் புற்று. அறுபது நாள் தாங்கும் என்று டாக்டர் சொல்லி, அதில் இருபது நாள் போய்விட்டது. அம்மா இறந்தபோது செண்பகத்துக்கு நாலு வயது, வள்ளிக்குப் பதினாலு. தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பி, நர்சிங் படிக்கவைத்து, விமானம் ஏற்றிவிட்டது எல்லாம் வள்ளிதான். கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

"நான் யாரு குடியையும் கெடுத்ததில்லையே சார். போலீஸ் ஸ்டேசன் வாசப்படி மிதிச்சதில்ல. எப்பிடி பதினொண்ணு போட்டாக?"

"போலீஸ் பேப்பர் எல்லாம் அந்தக் காலம்மா. கேஸ் இல்லாதவனெல்லாம் நல்லவனான்னு எவனோ ஒரு புண்ணியவான் கேட்டுட்டான். அதுலேருந்து இந்த நிறைகோல் வந்துருச்சு. விசா கேட்டு கையெழுத்து போடுறோம்ல, அப்பவே நம்ம போன் பத்து வருசமா என்னென்ன செஞ்சுச்சோ அம்புட்டையும் எடுத்துப் படிச்சிரும். யாருக்குப் பேசுன, எதுக்கு விண்ணப்பம் போட்ட, சொன்னதும் செஞ்சதும் ஒண்ணா இருக்கான்னு பாத்து மார்க் போடும்."

"அது மெசினு தானே, அதுக்குக் குணத்தப் பத்தி என்ன தெரியும்?"

"நம்ம கவுன்சிலருக்குத் தொண்ணூத்தேழு போட்டுச்சே."

வள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். கவுன்சிலர் பேரில் வீடும் இல்லை, வண்டியும் இல்லை, போனும் இல்லை. எல்லாம் மச்சான் பேரில், டிரைவர் பேரில். தடம் இல்லாத மனிதன் நிறைகோலுக்குச் சுத்தமான மனிதன். போன வருஷம் குடும்பத்தோடு போய்ப் பனிக்கட்டி மலைமுன் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

இந்த இடத்தில் என் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொண்ணூற்றாறு. தொழிலுக்காக ஒருமுறை மதிப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கேஸ் புக்கிங், பேங்க், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் என் ஒரே நம்பர்தான். என் மனைவி இந்திராணியிடம் போன் உண்டு. அதுவும் என் பேரில் இருப்பதால், அவளுக்கு வருகிற செய்தி எனக்கும் ஒரு நகல் வந்துவிடும். குடும்பம் என்றால் இப்படி ஒரு ஒழுங்கு வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் உபதேசம் செய்வேன்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை வள்ளிக்குப் படித்துக் காட்டினேன். விண்ணப்பதாரரின் தடத்தில் அவரைத் தவிர நாற்பத்தொரு நபர்களின் விண்ணப்பங்களும் ஒப்புதல்களும் காணப்படுகின்றன, பிறர் அடையாளத்தைத் தன்வசம் வைத்திருப்பவர் நற்குணம் உடையவர் என்று திருப்தி கொள்ள இயலவில்லை.

வள்ளி ஒரு கணம் விழித்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அட, இது நம்ம தெரு ஆளுக சார்!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் ரேஷன் கார்டுக்கு, பிள்ளையின் சாதிச் சான்றுக்கு, பெரியாஸ்பத்திரி டோக்கனுக்கு யார் வந்தாலும் வள்ளிதான் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள். நம்பர் என்ற இடம் வந்ததும், "என் போனு ரிப்பேர், உன் நம்பரையே போடு வள்ளி" என்பார்கள். குடிகாரப் புருஷன் போனைப் பிடுங்கிக்கொள்வான் என்று சிலர். மாதம் ஒரு நம்பர் மாற்றுகிறவர்கள் சிலர். எதற்கு வம்பு, வள்ளி நம்பர்தான் மாறாது என்று மற்றவர்கள். உலகம் எங்கெங்கோ போய்விட்டது, ஓடிபி மட்டும் எங்களைவிட்டுப் போகவில்லை. பகலில் எந்நேரமும் வள்ளி கடையைவிட்டு ஓடிவந்து தெருவில் நின்று, "மாயக்கா, ஏழு ரெண்டு நாலு, ஒம்போது ஒம்போது ஒண்ணு!" என்று கத்துவாள். எதிர் இட்லிக் கடைக் கொப்பரை முன்னாலிருந்து மாயக்கா பதிலுக்குக் கத்துவாள். எங்கள் தெருவில் இதுதான் நடைமுறை. யாருக்கும் இது தப்பாகத் தோன்றியதே இல்லை.

"இத எழுதுங்க சார், அவுகளுக்குப் புரிஞ்சிரும்" என்றாள் வள்ளி.

எழுதினேன். பத்து நாளில் விசாரணைக்கு நாள் கொடுத்தார்கள். சட்டப்படி மறுபரிசீலனையை மனிதர்தான் செய்ய வேண்டும், அதுவும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். அன்று முடியாவிட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து. செண்பகத்துக்கு மூன்று மாதம் கிடையாது. கூடவே ஒரு நிபந்தனை. நாற்பத்தொரு பேரும் நேரில் வந்து, சம்மதித்துத்தான் நம்பர் கொடுத்தோம் என்று உறுதி சொல்ல வேண்டும். பெயர்களை அவர்கள் கொடுக்கவில்லை. நபர் ஒன்று, நபர் இரண்டு என்று ஒரு பட்டியல், ஒவ்வொருவருக்கும் எதைப் பற்றிய செய்தி வந்தது என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

வள்ளி பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் குறித்தாள். கடைசி வரியில் பேனா நின்றது.

நபர் நாற்பத்தொன்று: நீதித்துறைச் செய்தி, ஆண்டுக்கு ஒன்று, ஒன்பது ஆண்டுகள்.

"யாரும்மா இது? கேஸ்காரன் எவனாச்சும் உன் தலைல மொளகா அரைச்சுட்டானா?"

"இவங்க வர மாட்டாங்க சார்" என்றாள். பேர் சொல்லவில்லை.

விசாரணை அன்று காலை எட்டு மணிக்கு ஜெராக்ஸ் கடையே கோர்ட் ஆனது. திரையில் மறுபரிசீலனை அதிகாரி, மார்கரெட் ஹோல்ட் என்று பெயர், அறுபது வயது இருக்கும், தும்மிக்கொண்டே இருந்தார். அவர் பேசுவதை ஒரு குரல் தமிழாக்கியது. எங்கள் தெருவில் யாரும் பேசாத தமிழ்.

"வணக்கம். உறுதிமொழி அளிப்போர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடவு எண் அனுப்பப்படும். அதனைத் தாங்களே உரைத்தல் வேண்டும்" என்றது குரல்.

"எந்த நம்பருக்கு அனுப்புவீக?" என்று மாயக்கா கேட்டாள்.

"பதிவு செய்யப்பட்டுள்ள எண்ணுக்கு."

பதிவு செய்யப்பட்டுள்ள எண் வள்ளியின் எண். அவள் கையில் போன் கிணுகிணுவென்று அடித்தது. எது குற்றம் என்று கடிதம் போட்டார்களோ அதையே அவர்கள் கண்முன்னால் செய்தாக வேண்டும். வள்ளி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் பழக்கதோஷத்தில் கடை வாசலுக்கே போய்க் கத்தினாள்.

"மாயக்கா, மூணு மூணு எட்டு, ஜீரோ அஞ்சு ரெண்டு!"

"மூணு மூணு எட்டு, ஜீரோ அஞ்சு ரெண்டு!" என்று இரண்டடி தூரத்தில் நின்ற மாயக்கா திரையைப் பார்த்துக் கத்தினாள்.

மார்கரெட் அம்மாள் தும்மலை மறந்து பார்த்தார். பத்தாவது ஆள் வருவதற்குள், எண் சரியாக வந்ததும் அவரே கட்டைவிரலை உயர்த்த ஆரம்பித்தார். சோணைமுத்து பால் கேனோடு வந்தார். ஆட்டோ ஜாபர் தன் உம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். பதினொன்றரை மணிக்கு நாற்பது பேர் முடிந்தது.

"நான் முப்பத்திரண்டு ஆண்டுகளாக இப்பணியில் உள்ளேன்" என்றது குரல். "இத்தகைய காட்சியை நான் கண்டதில்லை. தங்கள் மதிப்பெண் இப்போது ஐம்பத்தெட்டு."

"இன்னும் ரெண்டுதான அம்மா" என்றாள் வள்ளி. "நீங்க பாத்து போடக் கூடாதா?"

குரல் சற்றுத் தயங்கி வந்தது. "எனக்கு அந்த அதிகாரம் இல்லை. நிறைகோல் தவறென்று நான் ஆதாரம் காட்ட வேண்டும். ஒருவர் விளக்கப்படாத வரை, தாங்கள் ஒருவரை மறைப்பதாகவே அது கருதும். நாற்பத்தொன்றாவது நபர் யார்?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா."

"தங்கள் தங்கையின் மருத்துவக் குறிப்பை வாசித்தேன். ஆகவே மீண்டும் கேட்கிறேன்."

வள்ளி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க என்ன நம்பி ஒண்ணு குடுத்துவச்சிருக்காங்க. என் தங்கச்சியப் பாக்கணும்னு அவங்க வாழ்க்கையத் தெருவுல போட முடியுமா?"

மார்கரெட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கள் நேரப்படி ஒரு மணிக்கு எங்கள் அலுவலகம் மூடும். அதுவரை காத்திருக்கிறேன்."

திரை அணைந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஒனக்கென்ன பைத்தியமா? பேரு சொன்னா தல போயிருமா? எங்கிட்டயாச்சும் சொல்லு, நான் போயி கால்ல விழுந்து கூட்டியாரேன்."

"ஒங்ககிட்டயும் சொல்ல மாட்டேன் சார்."

"எவளோ ஒருத்தி புருசனுக்குத் தெரியாமக் கேஸ் போட்டுட்டு ஒளிஞ்சுக்கிட்டிருக்கா. அவளுக்கு இருக்கிற தங்கச்சி உனக்கில்லையா?"

அவள் போனை எடுத்து, காலையில் செண்பகம் அனுப்பிய குரல் செய்தியைப் போட்டாள். "அக்கா, வர முடியலைனா மனசப் போட்டு ஒழப்பிக்காத. சாப்புட்டியா?" அவ்வளவுதான் அதில் இருந்தது. வள்ளி இரண்டு தடவை கேட்டுவிட்டு அழுதாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்திராணி இலை போட்டாள். சாதத்தைப் பிசையும்போதே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். நாற்பது பேர் வந்ததை, ரெண்டு மார்க் குறைந்ததை, அந்த நாற்பத்தொன்றாவது ஆளின் கல்நெஞ்சை. "ஒன்பது வருசமா அந்தப் பிள்ளையோட நம்பர ஓசில வச்சுக்கிட்டு, இன்னிக்கி ஒரு அஞ்சு நிமிசம் வந்து நிக்க மாட்டேங்குறா. மனுசப் பிறவியா அவ?"

இந்திராணி ரசம் ஊற்றினாள்.

"வள்ளி பேரச் சொல்லலையா?" என்றாள்.

"எங்கிட்டகூடச் சொல்லலங்கிறேன்."

"தங்கச்சிய பாக்க முடியாதுன்னு தெரிஞ்சுமா சொல்லல?"

"அதான் சொல்றேனே."

"மணி எத்தன?"

"பன்னெண்டே கால்."

மோர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. நான் கை கழுவிவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். வள்ளி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு ஐம்பதுக்குத் திரை உயிர் பெற்றது. மார்கரெட் அம்மாள் கோட்டு போட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார்.

"யாரேனும் வந்துள்ளனரா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. இந்திராணி. நான் கண்ணாடியை வீட்டில் விட்டுவந்திருப்பேன், அதைக் கொண்டுவந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

வள்ளி துள்ளி எழுந்தாள். "அக்கா, வேணாங்க்கா. நீங்க வீட்டுக்குப் போங்க."

"இருக்கட்டும் வள்ளி." அவள் என்னைத் தாண்டிப் போய்த் திரைமுன் நின்றாள். "அந்த நாப்பத்தொண்ணாவது ஆளு நாந்தேம்மா."

வள்ளியின் போன் அடித்தது. இந்த ஒரு எண்ணை மட்டும் அவள் கத்தவில்லை. இந்திராணியின் காதருகே போய் மெல்லச் சொன்னாள். ஒன்பது வருஷமாக அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன் என்று தை மாதம் ஒருநாள் அவள் வந்துபோனதெல்லாம் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

"தங்கள் சொந்த எண்ணை ஏன் அளிக்கவில்லை?" என்றது குரல்.

"எங்க வீட்டுல எனக்குன்னு நம்பர் கெடையாது. எனக்கு வர்றதெல்லாம் எங்க வீட்டுக்காரவுகளுக்கும் போயிரும். இந்தா, பக்கத்துல ஒக்காந்திருக்காகளே, இவுகதான்."

மார்கரெட் அம்மாள் என்னைப் பார்த்தார். நான் மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தேன்.

"செய்தி எதைப் பற்றியது?"

"விவாகரத்து மனு. நிலுவை மனுன்னு இப்ப இருக்குல்ல, அது. போட்டு வச்சுக்கலாம், நடத்த வேண்டாம். வருசத்துக்கு ஒருவாட்டி நம்பரச் சொன்னா உசுரோட இருக்கும், சொல்லலைனா செத்துப்போகும். நான் ஒன்பது வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அதனை ஏன் நடத்தவில்லை என்பதை நான் கேட்கப் போவதில்லை" என்றது குரல்.

"நடத்தணும்னு போடலம்மா. அது ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தேன் எனக்கு மூச்சு விட முடிஞ்சுச்சு." அவள் குடையை மேஜைமேல் வைத்தாள். "இன்னிக்கி எதுக்கு வந்தேன்னா, போய்ப் பாக்க வேண்டிய நேரத்துல போய்ப் பாக்க முடியலைனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். பத்து வருஷத்துக்குமுன் ஒரு காலை பத்தரை மணிக்கு மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. அவள் அடுப்படியில் இருந்தாள், போன் மச்சுக்குள் கிடந்தது. நகலை நான் பார்த்தேன். அன்று ஒரு பெரிய பத்திரம் முடிக்க வேண்டியிருந்தது. நான் திறந்துவிட்டதால் படித்த செய்தி என்று குறியாகி, அவள் போனிலும் அது மற்ற செய்திகளுக்கு அடியில் போய்விட்டது. சாயங்காலம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நாங்கள் உசிலம்பட்டி போய்ச் சேர்ந்தபோது உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அன்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அவள் அதை மறந்துவிட்டாள் என்று நான் முடிவு செய்துவைத்திருந்தேன்.

திரையில் எண் மாறியது. எழுபத்து நான்கு.

"மறுப்பு நீக்கப்படுகிறது" என்றது குரல். கூடவே நிபந்தனை ஒன்றும் சொன்னது. நாற்பத்தொரு பேரும் முப்பது நாளுக்குள் வேறு எண்ணுக்கு மாற வேண்டும். மார்கரெட் அம்மாள் திரையை அணைக்குமுன் ஏதோ ஒன்று சொன்னார். குரல் அதை மொழிபெயர்க்கவில்லை. வள்ளி இந்திராணியின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நான் எழுந்து வெளியே வந்து, வெயிலில் ரயில்வே கேட் வரைக்கும் நடந்து திரும்பினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக நான் உணர்ந்ததில்லை.

வள்ளி நாலாம் நாள் விமானம் ஏறினாள். செண்பகம் அதற்குப்பின் பத்தொன்பது நாள் இருந்தாள். சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிப்போயிருந்ததாம். வள்ளி தினமும் வெறும் தலையில் எண்ணெய் தொட்டு வைத்து, சீப்பால் சீவுவதுபோல் விரலால் தடவிவிட்டாளாம். கடைசி நாள் வரை செண்பகம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

வள்ளி ஊரில் இல்லாத அந்த ஒரு மாதத்தில் தெருவுக்கு நம்பர் மாற்றும் வேலையை நான்தான் செய்தேன். காசு வாங்கவில்லை. நாற்பது பேருக்கும் முடித்துவிட்டு ஒருநாள் காலை இந்திராணியிடம் கேட்டேன். வீட்டில் நாங்கள் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் மட்டும் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

"உன் பேருல ஒரு சிம் வாங்கிட்டு வரவா? எனக்கு நகல் வராது."

"வாங்கிட்டு வாங்க."

"மனுவுக்கும் அந்த நம்பரையே போட்டுறலாம்."

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "மனுவுக்கு மட்டும் உங்க நம்பரப் போடுங்க."

"என் நம்பரா? எதுக்கு?"

"அதான் தெரிஞ்சு போச்சே, இனி எதுக்கு ஒளிக்கணும்? வந்தா நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க."

போட்டுக் கொடுத்தேன். அவள் அப்பாவைப் பற்றி வந்த அந்தச் சேதிக்காக அன்றுதான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் "ம்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தை பிறந்து எட்டாம் நாள், காலை பத்தரைக்கு, என் போனில் அந்தச் செய்தி வந்தது. உங்கள் நிலுவை மனுவைத் தொடர இந்த எண்ணைச் சொல்லவும், பத்து நிமிடத்தில் காலாவதியாகும். இந்திராணி அடுப்படியில் இருந்தாள். அவள் போன் எங்கேயோ கிடந்தது. சொல்லாவிட்டால் மனு தானாகச் செத்துவிடும், வரவே இல்லை என்று சொல்லிவிடலாம். எந்த நிறைகோலுக்கும் இது தெரியப்போவதில்லை, என் தொண்ணூற்றாறு தொண்ணூற்றாறாகவே இருக்கும். நாலு நிமிடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போய்விடுவாளோ என்ற பயம் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஐந்தாவது நிமிடம் எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனேன்.

"இந்திராணி, நாலு ஏழு ஒண்ணு, ஒண்ணு எட்டு ஆறு."

சட்டி உருட்டும் சத்தம் நின்றது. அவளுக்குக் கேட்டதா என்று தெரியாததால் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பிறகு கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். அவள் அந்த எண்ணைப் போட்டாளா இல்லையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.